திரும்ப வைப்பது சுலபமாக இருக்கட்டும்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். காலை நேரம் பாதி தேடுவதிலேயே போய்விடுகிறது. கத்தரிக்கோல், டப்பா மூடி, சாவி, மகனின் ஒற்றைக் காலுறை என்று தினமும் ஏதோ ஒன்று. போன மாதம் இரண்டு நாள் விடுப்புப் போட்டு, சமையலறை முழுவதையும் இறக்கி, 1 லிட்டர் அளவில் ஒரே மாதிரி 24 டப்பாக்கள் வாங்கி அடுக்கினேன். மூன்றே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. வீட்டில் யாரும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதில்லை. எனக்குத்தான் அடுக்கத் தெரியவில்லையா? எங்கிருந்து தொடங்குவது?
ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்களுக்கு நன்றாகவே அடுக்கத் தெரிகிறது. ஒரு சமையலறையை இரண்டே நாளில் முழுக்க இறக்கி ஏற்றியிருக்கிறீர்கள். பார்க்க அழகாகவும் எடுக்க வசதியாகவும்தான் அடுக்கியிருப்பீர்கள். திரும்ப வைக்க வசதியாக இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டீர்கள். கோளாறு அங்கேதான்.

ஒரு பொருளை எடுக்கும்போது நமக்கு அது வேண்டும். அதனால் நாலு பாத்திரத்தை நகர்த்தியாவது எடுத்துவிடுவோம். வைக்கும்போது வேலை முடிந்துவிட்டது, உடம்பு களைத்துவிட்டது, அடுத்த வேலை காத்திருக்கிறது. கதவைத் திற, மேலே இருப்பதைத் தூக்கு, மூடியைக் கழற்று என்று இரண்டு மூன்று அசைவு கேட்டால், கை பக்கத்தில் எங்கே இடம் தெரிகிறதோ அங்கே வைத்துவிட்டு நகர்ந்துவிடும். உங்கள் வீட்டில் மட்டுமல்ல, எல்லார் கையும் அப்படித்தான். ஆகவே தினமும் புழங்கும் பொருள் ஒவ்வொன்றையும் ஒரே அசைவில், மிஞ்சிப் போனால் இரண்டு அசைவில் திரும்ப வைக்க முடிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டைத் தாண்டினால் அந்த இடம் தங்காது.

வாணலியை வைத்தே பார்க்கலாம். பெரும்பாலான வீடுகளில் கீழ் அலமாரியில் மூன்று வாணலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். தினமும் வேண்டியது நடுவில் இருப்பது. அதைத் திரும்ப வைக்க, குனிந்து கதவைத் திறக்க வேண்டும், மேலே இருக்கும் சின்னதை ஒரு கையால் தூக்க வேண்டும், மறு கையால் நடுவிலுள்ளதைச் செருக வேண்டும், சின்னதை அதன்மேல் வைக்க வேண்டும், சரிந்த மூடியை நிமிர்த்த வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு இந்த ஐந்து வேலையை யார் செய்வார்கள்? வாணலி அடுப்பின் மேலேயே தங்கிவிடும். அவற்றைப் புத்தகம் அடுக்குவதுபோல் பக்கவாட்டில் நிமிர்த்தி, கைப்பிடி வெளியே பார்க்கும்படி வையுங்கள். அலுவலகத்தில் கோப்பு செருகும் உலோகத் தாங்கி இருக்கிறதல்லவா, அதுவே போதும். இழு, செருகு, முடிந்தது. மூடிகளுக்கு, அலமாரிக் கதவின் உட்புறத்தில் துண்டு மாட்டும் கம்பி ஒன்றைக் குறுக்கே பொருத்துங்கள். மூடியைக் கம்பிக்கும் கதவுக்கும் இடையே இறக்கினால் அதன் பிடி கம்பியில் மாட்டி நிற்கும். கம்பி வாங்குவதற்கு முன், கதவை மூடினால் உள்தட்டின் விளிம்புக்கும் கதவுக்கும் நடுவில் எத்தனை இடைவெளி இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். 6 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கதவு மூடாமல் போகலாம்.

அடுத்து அந்த 24 டப்பா. 1 கிலோ பாக்கெட்டுக்கு 1 லிட்டர் டப்பா சரியாக இருக்கும் என்று நினைத்து வாங்கியிருப்பீர்கள். தண்ணீருக்குத்தான் அந்தக் கணக்கு சரி. 1 கிலோ அரிசிக்கும் பருப்புக்கும் சர்க்கரைக்கும் சுமார் 1.2 லிட்டர் இடம் வேண்டும். கோதுமை மாவை அழுத்தாமல் கொட்டினால் 1.8 லிட்டர் வரை பிடிக்கும். தூள் உப்பு மட்டும் 1 லிட்டருக்குள் அடங்கும். அரிசியோ பருப்போ கொட்டினால், டப்பா நிறைந்த பிறகு பாக்கெட்டில் சுமார் 200 கிராம் மிஞ்சும். அதை ரப்பர் பேண்டு போட்டு எங்கேயாவது செருகுவோம். இப்படிப் பத்துப் பாக்கெட் சேர்ந்தால் அலமாரி மறுபடி குழம்பிவிடும். ஒழுங்காக அடுக்கிய வீடு மூன்று வாரத்தில் கலைவதற்கு இது ஒன்றே போதும். தானியத்துக்கு 1.5 லிட்டர், மாவுக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் முழுப் பாக்கெட்டும் ஒரே தடவையில் உள்ளே போய், கரண்டி போடவும் இடம் இருக்கும். வாங்கிய டப்பாக்களைத் தூக்கிப் போட வேண்டாம். அரைக் கிலோ பாக்கெட்டுகளுக்கும் உப்புக்கும் அவை பொருந்தும்.

இனி வாங்குவதாக இருந்தால் சதுர டப்பாவாக வாங்குங்கள். வட்ட டப்பாக்களை வரிசையாக வைத்தால் தட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் மூலைகளில் வீணாகிறது. மூடி ஒரு கையால் திறக்கும்படி இருக்க வேண்டும். நாலு பக்கமும் கொக்கி மாட்டும் மூடி காற்றுப் புகாமல் பாதுகாக்கும்தான். ஆனால் தினமும் ஐந்து முறை திறக்கும் பொருளுக்கு அது சரிவராது. அதை மூடாமலே விட்டுவிடுவீர்கள்.

திரும்ப வைப்பதைப் பற்றி நூறு வருடத்துக்கு முன்பே யோசித்தவர்கள் உண்டு. 1926ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த சின்னச் சின்ன அலுமினியப் பெட்டிகள் சுவரோடு வரிசையாகச் செருகியிருக்கும். வேண்டியதை உருவி, கொட்டி, அதே பொந்தில் தள்ள வேண்டியதுதான். வேறு பொந்து காலியாக இல்லாததால் இடம் மாறவும் வழியில்லை.

உங்கள் அலமாரியில் இதையே ஒரு துண்டுத் தாள் நாடாவால் செய்யலாம். டப்பாவின் பெயரை மூடியில் எழுதாதீர்கள். மூடி மாறிவிடும், பெயரும் பொய்யாகிவிடும். டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். இழுப்பறைக்குள் வைப்பதானால் மட்டும், மேலிருந்து பார்க்க வேண்டியிருப்பதால் மூடியிலும் எழுதலாம். இதைவிட முக்கியம், தட்டின் விளிம்பிலும் அதே பெயரை ஒட்டுவது. டப்பாவின் மேல் இருக்கும் பெயர் உள்ளே என்ன என்று சொல்லும். விளிம்பில் இருக்கும் பெயர்தான் அது எங்கே போக வேண்டும் என்று சொல்லும். சமைக்காதவருக்கும் பிள்ளைகளுக்கும் தேவை இந்த இரண்டாவது பெயர். ‘யாரும் எடுத்த இடத்தில் வைப்பதில்லை’ என்று வருந்துகிறீர்கள். இடம் எது என்று உங்கள் மனசுக்குள் மட்டும் இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

எந்தப் பொருள் எந்த உயரம் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் தினசரிப் பொருள். இடுப்புக்குக் கீழே கனமானவை. தலைக்குமேல் எப்போதாவது வேண்டியவை, அதுவும் இலேசானவை மட்டும். மசாலாப் பொடிகளை அடுப்புக்கு நேர்மேலே வைக்க வேண்டாம். சூடும் ஆவியும் பட்டு மணம் போய்விடும், கட்டி தட்டும். பாட்டிலைக் கொதிக்கும் பாத்திரத்தின்மேல் சாய்த்துத் தூவினாலும் இதே கதிதான். உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுங்கள்.

கைக்கெட்டும் இடம் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. மருந்தும், கழிவறை கழுவும் திரவங்களும் கைக்கெட்டாத இடத்தில், பிள்ளைகளால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். இவற்றைக் குடிநீர் பாட்டிலில் மாற்றி வைக்கவே கூடாது.

டப்பாவில் பழையது கொஞ்சம் இருக்கும்போது அதன்மேலேயே புதியதைக் கொட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடியில் தங்கியது மாதக்கணக்கில் மேலே வராது. பூச்சி பிடித்தால் புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். பழையதை ஒரு கிண்ணத்தில் கொட்டி, டப்பாவை உலர்ந்த துணியால் துடைத்து, புதியதைப் போட்டு, பழையதை மேலே போடுங்கள். ஒரு நிமிட வேலைதான். கழுவினால் மட்டும் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சை வந்துவிடும்.

இப்போது பாத்திரம். சிங்க் நிறைந்து கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சிங்க்கில் இருப்பதில்லை. கழுவியதைக் கவிழ்த்து வைக்கும் கூடையில் இருக்கிறது. கூடையில் நேற்றைய பாத்திரம் இருந்தால், இன்றைக்குக் கழுவினாலும் வைக்க இடமில்லை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தோன்றுவது அதனால்தான். காலையில் எழுந்ததும், அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு, முதல் வேலையாகக் கூடையைக் காலி செய்யுங்கள். நாலைந்து நிமிடம் ஆகும். அன்று முழுக்க அவரவர் தட்டை அவரவர் கழுவிக் கவிழ்க்க அந்த ஐந்து நிமிடம்தான் இடம் கொடுக்கிறது. இரவில் மாற்றிச் செய்ய வேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்தில் முதலில் வெந்நீரும் சோப்பும் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு மேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே திசையில் நகர்ந்து, நடுவில் எதையும் விடாமல் அதனதன் இடத்துக்கு அனுப்புங்கள். அதன்பின் மேடையைத் துடைத்து, கடைசியாகச் சிங்க். அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து வைத்தால் இதே வேலை இரட்டை நேரம் இழுக்கும். துடைத்த கரித்துணியைப் பிழிந்து விரித்துப் போடுங்கள், சுருட்டி வைத்தால் மறுநாள் நாறும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரே ஒரு பழக்கம் சொல்கிறோம். கண் உயரத் தட்டில் முன்பக்கமாக ஒரு தட்டுக்கூடை வைத்து, அதில் ‘முதலில் இவை’ என்று எழுதி ஒட்டுங்கள். மிச்சமான உணவு, பாதி நறுக்கிய காய், திறந்த பாட்டில் எல்லாம் அதில்தான் போக வேண்டும், தேதி எழுதிய நாடாவோடு. சமைக்கத் தொடங்கும் முன் அந்தக் கூடையை மட்டும் பார்த்தால் போதும். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுவில் நெடுநேரம் சூடு நிற்கும், ஆகவே ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். உள்வெப்பம் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மிச்ச உணவு 3, 4 நாள் தாங்கும். கதவுத் தட்டில் பால் வைக்காதீர்கள். திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாவது அதுதான். வெளியே வைக்கும் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பிரித்து வையுங்கள். சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும்.

வாங்க வேண்டியவற்றை எழுதும் தாள், தீர்ந்த பிறகு எழுதுவதற்கல்ல. கடைசிப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதே எழுதிவிட வேண்டும். அலமாரிக் கதவின் உட்புறத்தில் தாளை ஒட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பென்சில் தேட வேண்டியிருந்தால் யாரும் எழுத மாட்டார்கள்.

சாவிக்கு வாசலை ஒட்டி ஒரு கொக்கி, கதவைத் திறந்தவுடன் கை போகும் பக்கத்தில். பிள்ளைகளின் பைக்கு அவர்கள் தோள் உயரத்தில் ஆளுக்கொரு கொக்கி. உங்கள் உயரத்தில் மாட்டினால் பை தரையில்தான் கிடக்கும். காலுறைகளை ஒரே நிறத்தில், ஒரே வகையில் ஆறு ஜோடி வாங்கிவிட்டால் ஜோடி தேடும் வேலையே இல்லை, மூடியில்லாத கூடையில் அப்படியே கொட்டலாம். கத்தரிக்கோல் ஒன்று மட்டும் இருந்தால் அது எப்போதும் தொலைந்துகொண்டேதான் இருக்கும். சமையலறைக்கு ஒன்று, படிக்கும் மேசைக்கு ஒன்று என்று புழங்கும் இடத்துக்கு ஒன்றாக வாங்கி, கைப்பிடியில் வெவ்வேறு நிற நாடா சுற்றிவிடுங்கள். இதைச் செலவு என்று தயங்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். மறுபடி இரண்டு நாள் விடுப்பு வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கினால் மாலைக்குள் தெம்பு தீர்ந்துவிடும், கடைசி மூன்று தட்டுகளில் எது கிடைத்ததோ அது திணிக்கப்படும். நீங்கள் அதிகம் திறக்கும் இழுப்பறை ஒன்றை மட்டும் எடுங்கள், 20 நிமிடம். எல்லாவற்றையும் வெளியே கொட்டி, உடைந்ததையும் மூடியில்லாத டப்பாவையும் டப்பாவில்லாத மூடியையும் ஒதுக்கிவிட்டு, மீதியை வகைப்படுத்துங்கள். தடுப்புக்கு இப்போதே எதுவும் வாங்காதீர்கள். காலணி வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி வைத்து ஒரு வாரம் புழங்கிப் பாருங்கள். எந்தப் பொருள் இடம் மாறிக் கிடக்கிறதோ அதைத் திரும்பத் திரும்பப் பழைய இடத்தில் வைக்காமல், அது வந்து கிடக்கும் இடத்திலேயே அதற்கொரு இடம் கொடுங்கள். வாரக் கடைசியில் கணவரிடமோ பிள்ளையிடமோ ஐந்து பொருளைக் கொடுத்து அந்த இழுப்பறையில் வைக்கச் சொல்லுங்கள். வாய் திறக்காமல் பாருங்கள். கை எங்கே தயங்குகிறதோ அங்கே மாற்றம் வேண்டும். தயங்காமல் ஐந்தும் போய்ச் சேர்ந்த பிறகு அளவெடுத்துத் தடுப்பு வாங்குங்கள். கதவுள்ள அலமாரியாக இருந்தால், உள் அளவை எடுக்கும்போது கதவின் கீல் பிடித்துக்கொள்ளும் 2, 3 சென்டிமீட்டரைக் கழிக்க மறக்காதீர்கள். அதன்பிறகு அடுத்த இழுப்பறை.