மூன்று இரட்டைப் பிணைப்பில் ஒன்றை மட்டும் தொடுவது எப்படி?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு மாணவி நான். ஃபார்னசால் என்ற, மூன்று இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கஹாலில் ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்தில் இருக்கும் இரட்டைப் பிணைப்பை மட்டும் கைரல் எபாக்சைடு (ஒரே கைத்தன்மை கொண்ட, ஆக்சிஜன் சேர்ந்த மூவணு வளையம்) ஆக்க வேண்டும். எம்.சி.பி.பி.ஏ. என்ற பெரமிலம் (ஆக்சிஜனைக் கொடுக்கும் அமிலம்) போட்டால் மற்ற இரண்டும்தான் வினைபுரிகின்றன. கைரல் வினையூக்கியான டைட்டானியம்–டார்ட்ரேட் 10 மோல் சதவீதம், 70 சதவீத டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு போட்டு இரவு முழுக்க விட்டேன், டி.எல்.சி. (மெல்லடுக்கு வண்ணப்பிரிப்பு) சோதனையில் வினை நடந்த அறிகுறியே இல்லை. என் மூலக்கூறுக்கென்று புது வினையூக்கி உருவாக்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பெராக்சைடில் 70 சதவீதம் போக மீதி பெரும்பாலும் தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 மில்லிமோல் ஆல்கஹாலுக்கு 2 மில்லிமோல் பெராக்சைடு எடுத்தால், கூடவே சுமார் 4 மில்லிமோல் தண்ணீர் வந்துவிடுகிறது. உங்களிடம் இருக்கும் டைட்டானியமோ 0.1 மில்லிமோல். அது வினையைத் தொடங்கும் முன்பே நீராற்பகுப்பில் போயிருக்கும்.

எம்.சி.பி.பி.ஏ. செய்ததும் எதிர்பார்க்கக்கூடியதே. அது எலக்ட்ரான் செறிவைத் தேடிப் போகும். ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன் பக்கத்துப் பிணைப்பிலிருந்து எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால் அந்த 2,3 பிணைப்பு (ஹைட்ராக்சில் முனையிலிருந்து எண்ணினால் 2, 3-ஆம் கார்பன்களுக்கு இடையில் இருப்பது) மூன்றிலும் ஏழை. டைட்டானியம் முறை இதைத் தலைகீழாக்குகிறது. உங்கள் ஆல்கஹாலும் பெராக்சைடும் ஒரே டைட்டானியம் அணுவில் வந்து அமர்கின்றன. ஆக்சிஜன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது 2,3 மட்டுமே. பிணைப்பின் இரு முகங்களில் எதில் ஆக்சிஜன் சேரும் என்பதை டார்ட்ரேட்டின் கைத்தன்மை முடிவு செய்கிறது. வெனடியத்திலும் இதே பிடி உண்டு, 2,3 கிடைக்கும்; ஆனால் வழக்கமான வெனடைல் அசிட்டைல்அசிட்டோனேட் தருவது ரேசிமிக், அதாவது இரு கைத்தன்மையும் சம அளவில் கலந்தது.

1980-ல் கட்சுகியும் ஷார்ப்லெஸ்ஸும் இதை வெளியிட்டபோது டைட்டானியம் சம அளவுக்குத் தேவைப்பட்டது. 5–10 மோல் சதவீதம் போதும் என்ற நிலை 1986-ல் மூலக்கூறு சல்லடை (தண்ணீரை உறிஞ்சும் நுண்துளைப் பொடி) சேர்த்த பிறகுதான் வந்தது. ஆகவே சல்லடை இல்லாமல் 10 மோல் சதவீதம் போடாதீர்கள். 4 ஆங்ஸ்ட்ராம் பொடி, வெற்றிடத்தில் நன்றாகச் சூடாக்கி உலர்த்தியது, உலர்ந்த டைகுளோரோமீத்தேன். டார்ட்ரேட் டைட்டானியத்தைவிட 20 சதவீதமாவது கூடுதலாக இருக்கட்டும். பெராக்சைடு டெக்கேன் அல்லது டொலுயீனில் கரைத்த நீரற்ற கரைசலாக வேண்டும். ஆல்கஹாலைத் தவிர எல்லாவற்றையும் −20 டிகிரியில் அரை மணி நேரம் கலக்கிவிட்டு, அப்புறம் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குளிர் சடங்குக்காக அல்ல. இரு முகங்களிலும் ஆக்சிஜன் சேரும் பாதைகளின் ஆற்றல் தடையில் மோலுக்கு 2 கிலோகலோரி வேறுபாடு என்றால் 25 டிகிரியில் விகிதம் சுமார் 29:1. −20 டிகிரியில் 53:1.

(செறிவான பெராக்சைடு புட்டியில் வலிய அமிலமோ உலோக உப்போ ஒரு துளிகூடப் படக்கூடாது. எடுத்த மிச்சத்தைத் திருப்பி ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.)

சரி, நாளை உங்கள் வழிகாட்டி நடுவில் இருக்கும் 6,7 பிணைப்பைக் கேட்டால்? அங்கே டைட்டானியம் எட்டாது. புது வினையூக்கிக்கான தேவை அப்போதுதான் வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் மில்லர் குழு 2012-ல் இதே ஃபார்னசாலில் செய்ததைப் படியுங்கள். ஆஸ்பார்டிக் அமிலம் கொண்ட சிறு பெப்டைடுகள் (அமினோ அமிலச் சங்கிலிகள்); அதன் கார்பாக்சில் தொகுதி ஹைட்ரஜன் பெராக்சைடால் பெரமிலமாகி, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு மறுபடி அமிலமாகிறது. வினை செய்யும் தொகுதி மாறவே இல்லை. சுற்றியுள்ள அமினோ அமிலங்களை மாற்றியே ஒரு பெப்டைடு 2,3-ஐயும் இன்னொன்று 6,7-ஐயும் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். காகிதத்தில் வரைந்து கண்டுபிடித்ததல்ல. நுண்ணிய பிசின் மணிகளில் பலவகைப் பெப்டைடுகளின் நூலகம் கட்டிச் சலித்தெடுத்தது. ஒன்றிரண்டு கிலோகலோரி வேறுபாட்டை முன்கூட்டியே கணிப்பது இன்னும் கடினம் என்பதால் இதுவே நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

அப்படி இறங்கினால் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். முதலாவது, வினையூக்கி போடாத சோதனை. பின்னணி வினையே வேகமாக ஓடினால் எவ்வளவு அழகான லிகண்டும் (டார்ட்ரேட் போல உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) பயன்படாது. டைட்டானியம் முறை வென்றதற்குக் காரணமே, டார்ட்ரேட் சேர்ந்த டைட்டானியம் சேராததைவிட வேகமாக வேலை செய்வதுதான். இரண்டாவது, விகிதத்தை 20 சதவீதம் மாற்றம் நடந்த நிலையில், நிரல் வண்ணப்பிரிப்பால் (column) தூய்மைப்படுத்தாத கச்சாக் கலவையின் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் அளவிடுங்கள். மூன்று பிணைப்புள்ள மூலக்கூறில் கடைசிவரை விட்டால் ஒரு மோனோ எபாக்சைடு மேலும் ஆக்சிஜனேற்றமாகிக் காணாமல் போகும். மிஞ்சியது பிரமாதமான தேர்வுத்திறன் போலத் தெரியும். பல ஆய்வுக்கூடங்களில் மாதக்கணக்கில் ஏமாற்றுவது இந்த எண்தான்.

கடைசி முனையின் 10,11 வேண்டுமென்றால் வினையூக்கியே தேவையில்லாமல் போகலாம். ஃபார்னசைல் அசிட்டேட்டாக மாற்றி, நீர் கலந்த கரைப்பானில் என்.பி.எஸ். (புரோமின் தரும் வினைபொருள்) போட்டால் பெரும்பாலும் முனைப் பிணைப்பே வினைபுரிந்து புரோமோஹைட்ரின் தரும். அதைக் காரத்தால் எபாக்சைடாக மூடிக்கொள்ளலாம். ரேசிமிக்தான், ஆனால் ஒரே நாளில் முடியும்.