முதலில் டைமிங் பெல்ட், அப்புறம்தான் ரீமேப்

போன இதழில் 2004-ல் நம் ஊருக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 1.8 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு, டர்போ, 150 குதிரைத்திறன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. என்னிடமும் அதே வண்டிதான் இருக்கிறது, இரண்டு லட்சம் கி.மீ. தாண்டி இன்னும் ஓடுகிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

அண்ணா, 1.9 லட்சம் கி.மீ. ஓடிய ஆர்எஸ் வாங்கியிருக்கிறேன். விற்றவர் "எல்லா வேலையும் பார்த்தாச்சு" என்றார், பில் எதுவும் இல்லை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ஆற்றலைக் கூட்டுவது), ஓப்பன் ஃபில்டர் (பெட்டிக்குள் மூடாத ஏர் ஃபில்டர்) இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடலாமா? (ஈரோடு)

தம்பி, பில் இல்லாத வேலையைச் செய்யாத வேலை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்குவது டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து மொத்தம் 20 வால்வு. எத்தனை வளைந்தது என்பது ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும். உங்கள் 60,000 அந்த ஒரு வேலையிலேயே கரைந்துவிடும். 90,000 கி.மீ. அல்லது 5 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது பெல்ட்டை மாற்றுவது என் வழக்கம்.

பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள். டென்ஷனர் ரோலர், அதைத் தள்ளிப் பிடிக்கும் ஹைட்ராலிக் டேம்பர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பழைய பம்புகளில் தண்ணீரைத் தள்ளும் விசிறி, அதாவது இம்பெல்லர், பிளாஸ்டிக். வயதானால் அது விரிசல் விட்டுத் தண்டிலிருந்து கழன்றுவிடும். தண்டு சுற்றும், தண்ணீர் சுற்றாது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் வண்டி சூடேறும், மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றிக்கொண்டே இருப்பார். இரும்பு இம்பெல்லர் உள்ள பம்பைக் கேட்டு வாங்குங்கள். கூலன்ட் ஜி12 வகை, டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. கடையில் கிடைக்கும் பச்சைக் கூலன்ட்டை அதோடு கலக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் முதல் தடவை தனியாக வேண்டாம். வலதுபக்க இன்ஜின் மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். அப்போது ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கீழே பலகை வைத்து ஜாக்கியில் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த மவுன்ட் போல்ட்டுகள் முறுக்கும்போது நீளும் ரகம், ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். பெல்ட் மாட்டியதும் கிராங்க்கை (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, கிராங்க் புல்லி அடையாளமும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அடையாளமும் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பல் தள்ளியிருந்தாலும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. இன்னொன்று: பெல்ட் ஓட்டுவது எக்ஸாஸ்ட் கேமை மட்டும்தான். அங்கிருந்து இன்டேக் கேமுக்கு ஹெட்டின் மறுமுனையில் ஒரு சின்னச் சங்கிலி போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அங்கே கடகடவென்று சத்தம் வந்தால் அந்தச் சங்கிலியையும் அதன் டென்ஷனரையும் பார்க்க வேண்டும்.

மீதிப் பணத்தில் ஆயில் சம்ப்பை இறக்குங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலான வண்டிகளில் இதை யாரும் செய்ததே இல்லை. சூடான டர்போவில் வெந்த பழைய ஆயில் தாராகக் கெட்டித்து, ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையை அடைக்கும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் "பங்க் வரை போய்விடலாம்" என்ற பேச்சே கூடாது. அதே இடத்தில் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். சல்லடையைச் சுத்தம் செய்து, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, புதிதாகப் பூசி மாட்டி, விடபிள்யூ 502.00 தரம் என்று டப்பாவில் அச்சிட்ட 5டபிள்யூ-40 சிந்தெட்டிக் ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ நாலரை லிட்டர் பிடிக்கும். கையேடு என்ன சொன்னாலும் சரி, இந்த வயதில், நம் வெயிலில், 7,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஓப்பன் ஃபில்டரா? பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை டர்போவுக்கு ஊட்டிவிட்டு, உஸ் என்ற சத்தத்தை ஆற்றல் என்று நம்புவது. வேண்டாம்.

3,000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி இழுக்கவில்லை. மிதித்தால் சீறும் சத்தம். டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா? (திருச்சி)

சீறல் சத்தம் கேட்கும்போது டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன் ஹோஸ்களைப் பாருங்கள். இந்த வண்டியில் டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அங்கிருந்து த்ராட்டில் வரை ரப்பர் ஹோஸ்களும் கிளாம்ப்களும் வரிசையாக இருக்கின்றன. இருபது வருட ரப்பர். ஆயில் ஆவி பட்டுப் பட்டு இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும், இன்ஜின் உள் ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ் அழுகிய வாழைத்தண்டு மாதிரி ஆகிவிடும். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

கண்டுபிடிக்கும் கருவியை ஹார்டுவேர் கடையிலேயே வாங்கிவிடலாம். டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸின் வாயளவுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப் வாங்கி, நடுவில் துளையிட்டு, ட்யூப்லெஸ் டயருக்குப் போடும் வால்வை அதில் மாட்டுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், ஆஃபில் இருக்க வேண்டும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சரைக் கழற்றி வைத்துவிட்டு, கேப்பை ஹோஸில் நுழைத்துக் கிளாம்ப் போடுங்கள். பிரீதர் ஹோஸ் அந்தக் குழாயில் சேரும் இடத்தை நெருக்கிப் பிடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று இன்ஜின் அடிவயிற்றுக்குப் போய் ஆயில் சீல்களைத் தள்ளும். கால் பம்பால் 10 பிஎஸ்ஐ, அதற்கு மேல் வேண்டாம். இப்போது சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தெளியுங்கள். நுரை எங்கே கொப்பளிக்கிறதோ அங்கே ஓட்டை. பிரீதர் ஹோஸை இப்படிச் சோதிக்க முடியாது. அதைக் கையை விட்டு அமுக்கிப் பாருங்கள், விரல் அமுங்கிப் போனால் மாற்றுங்கள்.

அப்படியே டைவர்ட்டர் வால்வையும் (மிதியை விட்டதும் மிஞ்சும் டர்போ காற்றைத் திருப்பிவிடுவது) கழற்றுங்கள். உள்ளே ரப்பர் சவ்வு. பெரிய வாயில் விரலை விட்டு உள்ளே தள்ளி, மேலே இருக்கும் சின்ன வேக்யூம் குழாயைக் கட்டைவிரலால் அடைத்து, தள்ளிய விரலை எடுங்கள். சவ்வு உள்ளேயே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பி வந்தால் கிழிந்திருக்கிறது. பாஷ் நிறுவனத்தின் 710என் என்ற வால்வு இதே இடத்தில் அப்படியே உட்காரும். வெளியே காற்றை விட்டு "ப்ஷ்" என்று சத்தம் போடும் வால்வை இந்த இன்ஜினில் போட வேண்டாம். சென்சர் அளந்த காற்றை வெளியே விட்டால் கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கு தப்பிப்போகும், கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி மூச்சுத் திணறும்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் விசிடிஎஸ் கேபிள் உள்ள நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. 115-ஆவது பிளாக்கில் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட்டும் (டர்போ காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். கேட்டது அதிகம், கிடைத்தது குறைவு என்றால் ஒழுகல். 32-ஆவது பிளாக்கில் ஐடிலிங் திருத்தம் பிளஸ் பக்கம் ஏறிக் கிடந்தால் எங்கோ அளக்காத காற்று உள்ளே நுழைகிறது. மூன்றாவது கியரில் முழு மிதியில் ஏர்ஃப்ளோ எவ்வளவு என்றும் பாருங்கள். நொடிக்கு எத்தனை கிராம் காற்றோ, அதை 0.8-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் ஏறத்தாழ வரும். 150-க்கு 120 கிராம் வர வேண்டும். 80-தான் வருகிறது, ஒழுகலும் இல்லை என்றால் சென்சரே கிழடாகிவிட்டது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டர்போ. இன்லெட் வழியாக விரல்விட்டுத் தண்டைப் பிடியுங்கள். பக்கவாட்டில் மிகச் சின்ன ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தாலோ, பிளேடு சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, நீலப்புகை வந்தாலோ சொன்னவர் சொன்னது சரி. ஹோஸுக்குள் லேசான ஆயில் ஈரம் எல்லா வண்டியிலும் இருக்கும், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள்.

மழையில் இன்ஜின் உதறுகிறது, செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது. (சேலம்)

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில். விளக்கு மினுக்கினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போகிறது என்று அர்த்தம், விரட்டாதீர்கள். ஸ்கேனரில் எரர் கோடு (பிழை எண்) பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றுக்கு மாற்றிப் போடுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், அதன்பின் இன்ஜெக்டர். ஒரு காயில் போனால் இன்னொன்றும் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். அடுத்ததும் போகும்.

சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ரொம்ப நேரம் சுற்றுகிறது. டெம்பரேச்சர் முள் திடீரென்று கீழே விழுகிறது. நானே சரி செய்கிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். (நாகர்கோவில் வாசகி)

சிரிப்பவர்களை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறியும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரைத்தான் காட்டுகின்றன. அது இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலை அதிகமாக ஊற்றுகிறது. சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் ஒரு பிளாஸ்டிக் ஃப்ளேஞ்ச் இருக்கும். அதில் நான்கு கம்பி பிளக் மாட்டிய சென்சர்.

ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் காலையில் செய்யுங்கள். முதலில் எக்ஸ்பான்ஷன் பாட்டில் மூடியைத் திறந்து பிரஷரை விடுங்கள், சூட்டில் அந்த மூடியைத் தொடவே கூடாது. பிளக்கை உருவி, கிளிப்பை இழுத்து, சென்சரை எடுத்ததும் புதியதை உடனே நுழையுங்கள். ஒரு டம்ளர் கூலன்ட் போகும், அவ்வளவுதான். பழைய ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் ஒழுகும். ஃப்ளேஞ்சில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் விரிசல், அதையும் மாற்றிவிடுங்கள். அப்புறம் முள் 90-ல் ஏறி நிற்கும்.

கோவையில் ரீமேப் போட்டால் 180-க்கு மேல் வரும் என்கிறார்கள். சைலன்சரையும் மாற்றி, செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒரு நாள் ஓட்ட ஆசை. (திருப்பூர்)

வரும். இதே இன்ஜின் ஐரோப்பிய ஆர்எஸ்ஸில் 180-ஆகத்தான் வந்தது, ஆனால் டர்போ முதல் பல பாகங்கள் அங்கே வேறு. உங்கள் வண்டியில் முதலில் காட்டிக்கொடுப்பது கிளட்ச். நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் இப்போதே வழுக்குகிறது, கூடுதல் டார்க்கை அது தாங்காது. ரீமேப் போட்ட பின் 95 ஆக்டேனுக்குக் கீழே ஊற்றினால் சிலிண்டருக்குள் தட்டலை உணரும் நாக் சென்சர் இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் திரும்பப் போய்விடும்.

சைலன்சர் விஷயம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றத் தடை போடுகிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 15 வருடம் தாண்டிய வண்டி எஃப்சிக்கு (தகுதிச் சான்று சோதனை) போயாக வேண்டும். அங்கே சத்தத்தோடு போய் நிற்காதீர்கள். இன்ஷூரன்ஸ்காரருக்கும் அது ஒரு சாக்கு.

டிராக்குக்குப் போகும் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குச் செலவிட வேண்டியது பிரேக்கில். புது டாட் 4 ஃப்ளூயிட் மாற்றுங்கள், நல்ல பேடு போடுங்கள். ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழையது டிராக்கில் கொதித்துவிட்டால் பெடல் தரைக்குப் போகும். ஓடி முடித்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். அதற்கு முன் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தலாமா? (அம்பத்தூர்)

கூடாது. சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றுங்கள், வண்டி அலைவதால் வரும் பயம் பாதி போய்விடும். ஒரே ஒரு நுணுக்கம்: சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டை வண்டி தூக்கி நிற்கும்போது இறுதியாக முறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று சஸ்பென்ஷன் அதன் இயல்பான உயரத்தில் இருக்கும்போது முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் புது ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஈ20 பெட்ரோலால் பழைய ஆர்எஸ்ஸுக்கு என்ன ஆகும்? (மதுரை)

2004 வண்டி ஈ20-ஐ மனதில் வைத்துச் செய்ததல்ல. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும் என்பது வெறும் கணக்கு. கம்ப்யூட்டர் ஓரளவு சமாளிக்கும், மேலே சொன்ன 32-ஆவது பிளாக்கில் அது தெரியும். எனக்குக் கவலை ரப்பர்தான். பானெட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள், கிளாம்ப்போடு சேர்த்து. மாதக்கணக்கில் டேங்க்கில் போட்டு நிறுத்தி வைக்காதீர்கள்.

அடியில் நுழைந்து வேலை பார்க்க வண்டியோடு வந்த ஜாக்கி போதுமா? (தஞ்சாவூர்)

போதாது. அது டயர் மாற்ற. அடியில் தலை நுழைவதற்கு முன் சமமான தரையில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை. ஸ்டாண்டில் உட்கார்ந்த வண்டியைத் தோளால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் படுங்கள். முடித்ததும் வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, ஐம்பது கி.மீ. ஓட்டிய பிறகு இன்னொரு தடவை சரிபாருங்கள்.