கழியில் படகு விடுவதற்கு முன்னால்

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையை ஒட்டி ஒரு உப்பங்கழி இருக்கிறது. ஊர்ச் சாக்கடை, பிளாஸ்டிக், கிழிந்த வலை எல்லாம் அதில்தான் சேருகின்றன. படகுத்துறை, நடைமேடை, குடில்கள் கட்டினால் சுற்றுலா ஆட்கள் வருவார்கள், அந்த வருமானத்தில் கழியைச் சுத்தம் செய்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், உவரி பக்கம்

பதில்: இளைஞர்கள் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வெளியூருக்குப் பிழைக்கப் போகாமல் சொந்த ஊரிலேயே ஒரு வருமானம் வேண்டும் என்று நினைக்கிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் காசு வந்த பிறகு சுத்தம் செய்யலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாறுகிற தண்ணீரில் படகு ஏற யார் வருவார்கள்?

நான் பிறந்தது மணப்பாடு பக்கம். 1986-க்கு முன்னால் அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். கருமேனியாறு கடலைத் தொடும் இடத்துக் கழியில் என் தாத்தா விடியுமுன் வீச்சுவலையோடு இறங்குவார். மடவை, கொடுவா, இறால் எல்லாம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். கோடையில் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். ரொம்ப நாள் அடைபட்டுக் கிடந்தால் ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் போட்டுவிடுவார்கள். கடல் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டால் அடுத்த ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் கருவாட்டுப் பானையைத் திறக்க வேண்டியிருக்காது.

உங்கள் கழியிலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த முகத்துவாரத்தைத்தான். கடலின் ஏற்றமும் வற்றமும் உள்ளே வந்து போகும் வரை கழி எவ்வளவோ அழுக்கைத் தாங்கிக்கொள்ளும். வாய் அடைபட்டால் சாக்கடை அங்கேயே தங்கும். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரம். பெருகிய பாசி செத்து அடியில் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. பகலில் வெயில் இருக்கும்போது உயிரோடிருக்கும் பாசி கொஞ்சம் ஆக்சிஜன் விடும் என்பதால் மத்தியானம் போனால் ஒன்றும் தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? கால் வைத்த இடத்தில் கருஞ்சேறு கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா? அப்படியென்றால் படகுத்துறைக்கு இன்னும் காலம் வரவில்லை.

ஒடிசாவின் சிலிகா ஏரியைச் சொல்கிறேன். நம் கழிகளோடு ஒப்பிட்டால் அது கடல் மாதிரி, மழைக்காலத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும். ஆற்று வண்டல் சேர்ந்து, கடலுக்குப் போகும் கால்வாய் தூர்ந்து, உப்புக் குறைந்து, நன்னீர்க் களைகள் மூடிக்கொண்டன. ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில், ஆபத்தில் உள்ள ஈரநிலங்களின் வரிசையில் 1993-ல் அதைச் சேர்த்தார்கள். ஆய்வு செய்து இடம் குறித்து, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிதாக ஒரு வாய் திறந்தார்கள். அதன்பின் ஓரிரு ஆண்டில் மீன்பாடு பல மடங்கு ஏறியது. 2002-ல் ஆபத்து வரிசையிலிருந்தும் ஏரி வெளியே வந்தது. தண்ணீர் நடமாட ஆரம்பித்ததும் மற்றது பின்னாலேயே வந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஜேசிபியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். தப்பான இடத்தில் வெட்டிய வாயைக் கடல் சீக்கிரமே மூடிவிடும், பக்கத்துக் கிணறுகளிலும் உப்பேறலாம். எங்கே, எந்த மாதத்தில் வெட்டுவது என்பதைப் பழைய மீனவர்களிடமும் கடலோரப் பொறியியல் தெரிந்தவர்களிடமும் கேட்டே செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் சாக்கடை கழியில் விழுகிற இடத்தை அடைத்து, சுத்திகரித்து விட ஏற்பாடு வேண்டும். அது நடக்காமல் மற்றதெல்லாம் வீண் செலவு.

வேறொரு ஊரில் இதைத் தலைகீழாகச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடிச் சுவர், கலர் விளக்கு, வாத்து மாதிரி மிதிபடகு எல்லாம் வந்தன. இரண்டாவது கோடையில் முகத்துவாரம் அடைபட்டது, நாற்றம் கிளம்பியது. இப்போது அந்தப் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. கடன் வாங்கி அங்கே டீக்கடை போட்ட அக்காவை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

தண்ணீர் தேறிய பிறகு சுற்றுலா நடத்துங்கள், தாராளமாக. சிலிகா கரையில் மங்களஜோடி என்று ஓர் ஊர். பறவை வேட்டையாடியவர்களே இன்று பறவைகளுக்குக் காவல். நீளக் கம்பு ஊன்றித் தள்ளும் நாட்டுப் படகில் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பறவை காட்டிப் பிழைக்கிறார்கள். மோட்டார் சத்தம் கிடையாது. உங்கள் ஊரிலும் படகு மீனவர் கையில் இருக்கட்டும். அலையாத்திக் காடும் சேற்றுப்பரப்பும் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் கடுமையான பாதுகாப்பில் உள்ளவை, அங்கே நினைத்தபடி கான்கிரீட் போடக் கூடாது. குடிலை ஊருக்குள் வையுங்கள். வருகிறவர்கள் உங்கள் வீட்டு மீன்குழம்பு சாப்பிட்டுத் தங்கட்டும்.

கேள்வி: இரண்டு வருஷமாக அலையாத்திக் கன்று நடுகிறோம். எல்லாம் பட்டுப்போகின்றன. என்ன காரணம்?
– வாசகி, புன்னைக்காயல் பக்கம்

பதில்: அம்மா, நட்ட இடத்துக்கு ஏற்றத்துத் தண்ணீர் வந்து திரும்பிப் போகிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்றினால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இதே சங்கடம் இருந்தது. மரத்தை மொத்தமாக வெட்டிய இடங்கள் உள்வாங்கித் தொட்டி போலாகிவிட்டிருந்தன. அங்கே மீன் முள் மாதிரி, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சின்ன வாய்க்கால்களுமாக வெட்டி, கடல் தண்ணீர் வந்துபோக வழி செய்தபின்தான் கன்றுகள் பிடித்தன. இந்த வருஷம் கன்றுக்கு ஒதுக்கிய பணத்தை வாய்க்காலுக்குப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி சுற்றுச்சூழல் மன்றம் ஒரு கழியைக் கவனிக்க விரும்புகிறது. கருவிகள் இல்லை. என்ன செய்யலாம்?
– மாணவி, திசையன்விளை

பதில்: ரொம்ப சந்தோஷம் கண்ணு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம். பெரியவர் ஒருவர் துணையில்லாமல் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. முகத்துவாரம் திறந்திருக்கிறதா, தண்ணீர் என்ன நிறம், நாற்றம் உண்டா, செத்த மீன் உண்டா என்று எழுதுங்கள். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை சாண் ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறியுங்கள். பூநாரை, கூழைக்கடா வந்தால் எண்ணுங்கள். எண்ணிப் பழக வேண்டுமானால் தை மாத வாக்கில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வாருங்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது, பிள்ளைகளுக்கே பறவைப் பெயர் தெரியும்.

ஒரு வருஷம் எழுதிய பிறகு அந்த நோட்டின் நகலை வைத்து மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்பு.