வேலை தருபவர் பணம் கேட்டால்

கேள்வி: இணையத்தில் மொழிபெயர்ப்பு வேலை தேடி வருகிறேன். டெலிகிராமில் தொடர்புகொண்ட ஒருவர், முதலில் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும், வேலை முடிந்ததும் அது திரும்பக் கிடைக்கும் என்றும் கூறுகிறார். நம்பலாமா?

பதில்: தயவுசெய்து செலுத்தாதீர்கள். பதிவு, பயிற்சி, காப்புத்தொகை என எந்தப் பெயரில் கேட்டாலும், உழைக்க வருபவரிடமே பணம் கேட்பவரை நம்புவதற்கில்லை. அப்வொர்க் போன்ற இணையவழி வேலைத் தளத்தில் அறிமுகமாகி உடனே அத்தளத்துக்கு வெளியே பேச அழைப்பவரிடமும் எச்சரிக்கை தேவை. வாடிக்கையாளரின் தொகையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் தளத்தின் பாதுகாப்பு, வெளியே வந்தால் உங்களுக்கு இல்லை.

படித்தவர்களும் ஏமாறும் இன்னொரு சூழ்ச்சி உண்டு. பேசிய ஊதியத்தைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பிவிட்டு, 'தவறுதலாக அதிகம் எழுதிவிட்டோம், மீதியை இன்றே அனுப்பிவிடுங்கள்' என்று அவசரப்படுத்துவார்கள். கணக்கில் பணம் வரவானதுபோல் தெரிந்தாலும், அந்தக் காசோலை போலி என்பது வெளிப்படச் சில நாட்களோ, சில சமயம் வாரங்களோ ஆகலாம். அதன்பின் வங்கி அந்த வரவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், நீங்கள் அனுப்பிய 'மீதி' உங்கள் சொந்தப் பணமாகவே போயிருக்கும்.

டெலிகிராமில் பேசியவர் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், அதன் இணையதளத்திலுள்ள முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். வங்கி விவரங்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள்.