அடுத்த எபிசோட் எப்போது? கதை கேம்கள் பற்றிக் கேள்வி பதில்

தவணை தவணையாக வரும் கதை கேம்களைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தி வாக்கிங் டெட் முதல் சீசனையும் லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்சையும் இன்னும் தொடாதவர்கள் இரண்டு, மூன்று, நான்காவது பதில்களைத் தாண்டிப் போய்விடுங்கள். கதையை உடைக்காமல் அவற்றைப் பேச வழியில்லை.

கேள்வி: அண்ணா, ஒரே கேமை ஐந்து துண்டாக்கி விற்பது காசு பிடுங்கும் வேலைதானே?

பதில்: காசுக்காகத்தான் தொடங்கியது, ஆனால் பிடுங்குவதற்காக இல்லை. 2004இல் லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம் சாம் அண்ட் மேக்ஸ் என்ற கேமின் அடுத்த பாகத்தைப் பாதியில் நிறுத்தியது. அங்கிருந்து வெளியேறிய சிலர் அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் டெல்டேல் கேம்ஸை ஆரம்பித்தார்கள். வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பெரிய கேம் செய்து முடிக்கும் வசதி புதிதாகத் தொடங்கிய சின்ன நிறுவனத்துக்கு ஏது? சின்னதாக ஒன்றை முடித்து விற்றால் அடுத்ததற்குக் கை கொடுக்கும் என்பது கணக்கு. 2006இல் அதே சாம் அண்ட் மேக்ஸ் ஆறு எபிசோடுகளாக வர ஆரம்பித்தது. இணையத்தில் டவுன்லோட் செய்து விற்க முடிந்ததால்தான் இது நடந்தது. அதே டெல்டேல் செய்த வாக்கிங் டெட் வந்தபோது எபிசோட் ஒன்று 5 டாலர், முழு சீசன் 25 டாலர். அப்போது பெரிய கன்சோல் கேம் ஒன்றின் விலை 60 டாலர். முதல் எபிசோட் பிடிக்கவில்லையென்றால் 5 டாலரோடு தப்பித்துக்கொள்ளலாம்.

கேள்வி: வாக்கிங் டெட் 2012இல் வந்தது. காமிக்ஸ் மாதிரி கிராபிக்ஸ், சண்டை ரொம்பக் குறைவு, நடப்பதும் பேசுவதும்தான் வேலை. ஏன் இன்னும் எல்லோரும் அதையே சொல்கிறீர்கள்?

பதில்: இரண்டாவது எபிசோடின் ஆரம்பத்தை மட்டும் ஆடிப் பாருங்கள். நடமாடும் பிணங்களுக்குப் பயந்து ஒரு மோட்டலில் பத்துப் பேர் அளவுக்கு ஒரு கூட்டம். சாப்பாடு தீரப் போகிறது. இதுவரை பங்கு போட்டுக் கொடுத்த லில்லி வெறுத்துப்போய், இன்றைக்கு நீயே கொடு என்று நம் நாயகன் லீயிடம் விட்டுவிடுகிறாள். கையில் இருப்பது நான்கே நான்கு பண்டங்கள். பாதி ஆப்பிளும் அதில் ஒன்று.

குழந்தைகள் இரண்டு பேர், லீ பார்த்துக்கொள்ளும் சிறுமி கிளமென்டைனும் டக் என்ற சிறுவனும். அவர்களுக்குக் கொடுத்தால் மீதி இரண்டு. மரம் வெட்டிக்கொண்டிருக்கும் மார்க்குக்கா? வாயைத் திறந்தால் திட்டும், ஆனால் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும் கிழவர் லாரிக்கா? இங்கே பிணமும் வராது, பாயிண்டும் கிடையாது. கொடுத்து முடித்த பிறகு, கிடைக்காதவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கியை வைத்து இதைவிடப் பெரிய கலக்கத்தை உண்டாக்கிய கேமை நான் பார்த்ததில்லை.

அதே எபிசோடின் முடிவில், காட்டுக்குள் ஒரு கார் நிற்கிறது. உள்ளே நிறையச் சாப்பாடு, ஆள் யாரும் இல்லை. இது வேறு யாருடையதாவது இருந்தால் என்று கிளமென்டைன் கேட்கிறாள். எடுக்கலாமா, விடலாமா? அந்த எபிசோட் 2012 கோடையில் வந்தது. காரின் சொந்தக்காரன் நம் முன்னால் வந்து உட்கார்ந்து கணக்குக் கேட்பது நவம்பரில் வந்த ஐந்தாவது எபிசோடில். நடுவில் மாதங்கள் ஓடிவிட்டதால் பாதிப் பேர் அந்தக் காரையே மறந்திருந்தோம். அவன் மறக்கவில்லை.

கேள்வி: நான் அதை இரண்டு தடவை ஆடினேன் சார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் போகிறது. காரிலிருந்து எடுக்க மாட்டேன் என்றேன், மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘கிளமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்’ என்று மூலையில் ஒரு வரி வருகிறதே, அது சும்மா பயமுறுத்தத்தானே?

பதில்: பாதி உண்மை. முதல் எபிசோடில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். (இந்த டக் பெரியவர், அந்தச் சிறுவன் அல்ல. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.) யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாவது எபிசோடில் அவரும் போய்விடுகிறார். காரணம் எளிது. இரண்டு வழியுள்ள ஐந்து முடிவுகளை உண்மையாகவே பிரித்துக்கொண்டு போனால் 32 கதைகள் வரும். ஒவ்வொன்றையும் எழுதி, குரல் பதிந்து, அசைவு கொடுத்து இரண்டு மூன்று மாதத்தில் யாராலும் வெளியிட முடியாது.

மாறுவது லீயின் குணம். லீ கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். அதைக் கூட இருப்பவர்களிடம் சொல்வதா மறைப்பதா என்பது நம் கையில். சொல்லிவிட்ட லீயும் மறைத்த லீயும் ஒரே சவான்னா நகருக்குத்தான் வந்து சேருகிறார்கள், ஆனால் வந்து சேர்ந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். அப்புறம், எபிசோட் முடிந்ததும் உங்களைப் போலவே முடிவெடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு திரை வரும். நண்பர்களுக்குள் சண்டை தொடங்கும் இடம் அதுதான். ‘நீ எப்படிடா அவளை விட்டுட்டு வந்தே?’

டெல்டேலின் பிற்காலக் கேம்களில் இந்த அச்சு தேய்ந்துபோனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே நான்கு பதில் பொத்தான், பதில் சொல்லும் முன் தீர்ந்துபோகும் அதே சில நொடிகள். உங்கள் கோபம் அவற்றைப் பற்றியது என்றால் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: இப்போது எல்லா எபிசோடும் ஒன்றாகவே கிடைக்கிறது. ஒரே ராத்திரியில் முடிக்கலாமா?

பதில்: முடிக்காதீர்கள். என்னைக் கேட்டால் இந்த வகைக் கேம்களின் பாதி சுகம் எபிசோடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. வார இதழில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘தொடரும்’ போட்டதும் அடுத்த இதழ் வரும்வரை கதை நம்மிடம்தான் இருக்கும். அடுத்து என்ன ஆகும் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2015 ஜனவரி முதல் அக்டோபர் வரை ஐந்து எபிசோடுகளாக வந்தது. செய்தவர்கள் பாரிஸைச் சேர்ந்த டோன்ட்நாட். நாயகி மேக்ஸுக்கு நேரத்தைப் பின்னால் ஓட்டும் சக்தி உண்டு. தப்பாகப் பேசிவிட்டால் திருப்பிக்கொள்ளலாம். இந்த வசதிக்கு நம்மை நன்றாகப் பழக்கிவிட்டு, இரண்டாவது எபிசோடின் கடைசியில் பிடுங்கிவிடுகிறார்கள். கூட்டமே கேலி செய்து நொறுக்கிய கேட் என்ற பெண் விடுதியின் மொட்டை மாடி விளிம்பில் நிற்கிறாள். மேக்ஸின் சக்தி தீர்ந்துவிட்டது. கேட்டிடம் ஒரு தடவைதான் பேச முடியும். முன்பு அவள் அறைக்குள் போனபோது குடும்பப் படத்தைக் கவனித்தோமா, அவள் போன் செய்தபோது எடுத்தோமா என்பதெல்லாம் இப்போது வந்து நிற்கும். காப்பாற்றவும் முடியும், இழக்கவும் முடியும். அடுத்த எபிசோட் வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. இழந்தவர்கள் அந்த இரண்டு மாதமும் அதோடுதான் இருந்தார்கள். நீங்கள் குறைந்தது இரண்டு நாளாவது விட்டுவிட்டு மூன்றாவதைத் தொடுங்கள்.

கேள்வி: காசு கட்டிவிட்டு, கதை பாதியில் நின்றுபோனால்?

பதில்: நின்றிருக்கிறது. 2006இல் வந்த சின் எபிசோட்ஸ் முதல் எபிசோடோடு சரி. ஹாஃப்-லைஃப் 2இன் எபிசோட் டூ 2007 அக்டோபரில் ஒரு மரணத்தோடு முடிந்தது, எபிசோட் த்ரீ வரவே இல்லை. டெல்டேல் 2018 செப்டம்பரில் பெரும்பாலான ஊழியர்களை ஒரே நாளில் அனுப்பியபோது, வாக்கிங் டெட் கடைசி சீசன் அந்தரத்தில் தொங்கியது. ஸ்கைபவுண்ட் கேம்ஸ் பொறுப்பேற்று, பழைய ஆட்கள் சிலரையே கூப்பிட்டு 2019 மார்ச்சில் முடித்து வைத்தது. கென்டக்கி ரூட் ஜீரோவின் முதல் அங்கம் 2013 ஜனவரியில் வந்தது, ஐந்தாவது 2020 ஜனவரியில். ஏழு வருடம்! ஆனால் அதை மட்டும் மன்னித்துவிடலாம், அவ்வளவு நல்ல கேம். மற்றபடி என் வழக்கம்: முழு சீசனும் வந்த பிறகு, சேலில் வாங்குவேன்.

கேள்வி: ஹிட்மேன்கூட எபிசோடாக வந்ததே?

பதில்: கூலிக் கொலையாளியாக ஆடும் கேம் அது. 2016இல் பாரிஸில் நடக்கும் எபிசோடில் தொடங்கி, எபிசோடுக்கு ஓர் ஊராக வந்தது. அதில் கதை ஊறுகாய் மாதிரி. ஒரே ஊரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொள்ள இடைவெளி உதவியது, அவ்வளவே. 2018இல் அடுத்த பாகத்துக்கு அந்த முறையையே விட்டுவிட்டார்கள்.

கேள்வி: என் மனைவி கேம் பக்கமே வரமாட்டார். சேர்ந்து உட்கார்ந்து ஆட ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: வெண்பா. எபிசோடாக வந்ததல்ல, 2023இல் முழுசாக வந்த சின்னக் கேம். டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1988இல் கனடாவில் இருக்கும் ஒரு தமிழ்த் தம்பதியில் கதை தொடங்கும், அத்தியாயத்துக்கு அத்தியாயம் சில வருடங்கள் தாண்டும். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டில் எழுத்துகள் அழிந்திருக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்களைவிட உங்கள் மனைவி வேகமாகச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம். முதல் கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது 2024இல் இதற்குத்தான் கிடைத்தது.

கேள்வி: இந்த முறை செத்துவிட்டது என்கிறார்களே?

பதில்: 2025 அக்டோபரில் டிஸ்பாட்ச் என்ற கேம் வந்தது. செய்த அட்ஹாக் ஸ்டுடியோவைத் தொடங்கியவர்கள் பழைய டெல்டேல்காரர்கள். வாரத்துக்கு இரண்டாக நான்கு வாரத்தில் எட்டு எபிசோடுகள், வெளியாகும் முன்பே எல்லாம் தயார். மாதக்கணக்கில் காய வைக்கும் பழைய குறை போய், ஒரு வாரம் பேசிக்கொண்டிருக்கும் சுகம் மட்டும் மிஞ்சியது. விற்பனையும் பத்து லட்சத்தைத் தாண்டியது.

கேள்வி: வாக்கிங் டெட் முதல் சீசன் ஆடிய சேவ் (என் முடிவுகள் பதிந்த கோப்பு) போய்விட்டது. இரண்டாவதை ஆரம்பிக்கலாமா?

பதில்: ஆரம்பிக்கலாம், ஆனால் பழைய முடிவுகளை கேமே தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். கடைசி சீசனில் அந்தத் தொல்லை இல்லை, முந்தைய முடிவுகளை நாமே குறித்துக்கொடுக்க வசதி வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் முதல் சீசனையே இன்னொரு முறை ஆடிவிடுங்கள். இந்த முறை லாரிக்குச் சாப்பாடு கொடுத்துப் பாருங்கள்.