சியோனிசம், ஏகாதிபத்தியம், 1936 – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில், அந்த ஆட்சியையும் யூதக் குடியேற்றத்தையும் எதிர்த்து அரேபியர்கள் 1936இல் நடத்திய பொது வேலைநிறுத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் வாசிப்புக் குழுவில் படித்தோம். முடிவில் அது பெரிய வாக்குவாதமாகிவிட்டது. கட்சியில் நீண்டகாலம் பணியாற்றிய நண்பர் ஒருவர், சியோனிசம், அதாவது பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கென ஒரு நாடு அமைக்க எழுந்த இயக்கம், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் அடியாள் என்பதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை என்றார். இன்னொருவர், ஐரோப்பாவில் அடிபட்டு ஓடிவந்தவர்களின் விடுதலை இயக்கத்தை அப்படிச் சொல்லலாமா, அகதி எப்படிக் காலனியவாதி ஆவான் என்று கேட்டார். இருவர் பேச்சிலும் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு வரவில்லை.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. பாதுகாப்பான ஊரில் உட்கார்ந்திருக்கும் நாம், குண்டுகளுக்கு நடுவே வாழும் மக்களின் எதிர்ப்பைக் குறை சொல்லலாமா? ஒடுக்கப்பட்டவனுக்கு நாம் பாடம் எடுக்கக் கூடாது என்று நண்பர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

1897 ஆகஸ்டில் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் தியோடர் ஹெர்சல் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். அதே ஆண்டு அக்டோபரில், ரஷ்யப் பேரரசின் வில்னா நகரில், யூதத் தொழிலாளர்கள் சிலர் ஒரு வீட்டில் ரகசியமாகக் கூடி 'பூந்து' என்ற சோசலிசக் கட்சியைத் தொடங்கினார்கள். 1881க்குப் பிறகு ஜாரின் ஆட்சியில் யூதக் குடியிருப்புகள் மீது அலையலையாக நடந்த தாக்குதல்கள்தான் இரண்டுக்கும் பின்னணி. புண் ஒன்று, மருந்து இரண்டு. நமக்கென்று ஒரு நாடு இல்லாமல் விடிவில்லை என்றது பாசெல்; நாம் வாழும் மண்ணிலேயே மற்ற தொழிலாளர்களோடு நின்று உரிமையை வெல்வோம் என்றது வில்னா. 1938 டிசம்பரில் நடந்த வார்சா நகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகளுக்குக் கிடைத்த 20 இடங்களில் 17ஐ பூந்து வென்றது. ஆகவே சியோனிசத்தை யூதர்களின் ஒரே குரலாகக் கொள்வதும் சரியில்லை, லண்டன் கூலி கொடுத்து அமர்த்திய அடியாளாகக் கொள்வதும் சரியில்லை. பாசெலில் கூடியவர்களை யாரும் அமர்த்தவில்லை. அவர்கள் தங்கள் அச்சத்தோடும் கனவோடும் தாமாகவே வந்தவர்கள்.

ஆனால் அந்தக் கனவுக்கு ஒரு காவலன் தேவைப்பட்டான். வேறொரு மக்கள் குடியிருக்கும் நிலத்தில் போய்ப் பெரும்பான்மையாக வேண்டுமென்றால், அந்த மக்களின் சம்மதத்தை மீறி வாசலைத் திறந்து வைத்திருக்க ஒரு பேரரசின் படை வேண்டும். ஹெர்சல் இதை ஒளிக்கவில்லை. 1898இல் ஜெர்மானியப் பேரரசரை ஜெருசலேமில் சந்தித்தார். 1901இல் துருக்கி சுல்தானைச் சந்தித்தார். 1902இல் லண்டனில் காலனிகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லினிடம் பேசினார். எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல் எல்லாக் கதவுகளையும் தட்டியவர், பாலஸ்தீன விவசாயியின் கதவைத் தட்டவேயில்லை. உங்கள் முதல் நண்பர் சொல்வதன் உண்மை இங்கே இருக்கிறது.

ஹெர்சல் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கதவு திறந்தது. 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதத்தின் பிரகடனப் பகுதி ஆங்கிலத்தில் 67 சொற்கள்தான். அதை உங்கள் குழுவில் ஒருமுறை சொல் சொல்லாக வாசித்துப் பாருங்கள். யூத மக்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய வீடு என்கிறது; அங்கே வாழும் 'யூதரல்லாத சமூகங்களின்' குடிமை உரிமைகளும் மத உரிமைகளும் பாதிக்கப்படக் கூடாது என்கிறது; பிற நாடுகளில் வாழும் யூதர்களின் உரிமைகளும் அரசியல் தகுதியும் பாதிக்கப்படக் கூடாது என்கிறது. அன்று அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் அரேபியர்கள். அவர்களுக்கு அந்தக் கடிதத்தில் பெயரில்லை. 'அரசியல்' என்ற சொல் ஒரே ஒருமுறை வருகிறது, அதுவும் வேறு நாடுகளில் வாழ்பவர்களுக்காக. ஒரு மக்களை அவர்கள் யாரில்லை என்பதை வைத்தே சுட்டிவிட்டு, வழிபடும் உரிமையைத் தந்து, ஆளும் உரிமையைச் சத்தமில்லாமல் விட்டுவிட்ட அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இதைக் கடுமையாக எதிர்த்தவர் அந்த அமைச்சரவையின் ஒரே யூதர். அவரை நமக்குத் தெரியும். மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த எட்வின் மாண்டேகு, அப்போது இந்தியாவுக்கான அமைச்சர். யூதர்களுக்கு வேறோரிடத்தில் தேசிய வீடு உண்டென்று அறிவித்தால் ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை வெளியேற்றப் பார்க்கும், பாலஸ்தீனத்தில் இப்போது வாழ்பவர்களோ அந்நியராக்கப்படுவார்கள் என்று 1917 ஆகஸ்டில் சக அமைச்சர்களுக்குக் குறிப்பு எழுதினார். அக்டோபர் இறுதியில் அமைச்சரவை முடிவெடுத்த நாளில் அவர் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார். யூதர் ஒருவர் எச்சரிக்க, யூதரல்லாத ஏகாதிபத்தியவாதிகள் நிறைவேற்றிய ஆவணம் அது. சியோனிச எதிர்ப்பு எல்லாமே யூத வெறுப்புதான் என்று சொல்பவர்களுக்கும், யூதர் என்றாலே சியோனிஸ்ட் என்று நம் பக்கத்தில் கூசாமல் பேசுபவர்களுக்கும் மாண்டேகுவை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இனி, அகதி எப்படிக் காலனியவாதி ஆவான் என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி. 1924இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தால் கிழக்கு ஐரோப்பியர்களுக்கு வாசலை ஏறக்குறைய மூடியது. 1938 ஜூலையில் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளுக்காக உருகிப் பேசின. டொமினிக்கன் குடியரசைத் தவிரப் பெரிய எண்ணிக்கையில் இடம் தருகிறேன் என்று யாரும் முன்வரவில்லை. தன் வீட்டுத் திண்ணையில்கூட இடம் தராதவர்கள் அடுத்தவன் வீட்டைக் காட்டி வழியனுப்பினார்கள். 1935இல் மட்டும் 60,000க்கும் அதிகமான யூதர்கள் பாலஸ்தீனத்தில் வந்திறங்கினார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி ஹைஃபா துறைமுகத்தில் கால்வைத்த அந்தத் தாயைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் அவளை வரவேற்ற அமைப்புகள் எப்படி இயங்கின என்பதையும் பார்க்க வேண்டும். வடக்குப் பாலஸ்தீனத்தின் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியின் பெரும் நிலப்பரப்பை 1920களில் சியோனிச நிறுவனங்களுக்கு விற்ற சுர்சுக் குடும்பத்தார் பெய்ரூட்டில் வசித்த அரபு நிலவுடைமையாளர்கள். பத்திரத்தில் விற்றவர் உண்டு, வாங்கியவர் உண்டு. தலைமுறையாக அதை உழுத குத்தகைக் குடிகள் இல்லை. நிலம், சியோனிச இயக்கத்துக்காக நிலம் வாங்கிய யூதத் தேசிய நிதியத்தின் கைக்கு வந்தபின் அதை மீண்டும் அரேபியருக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அங்கே அரேபியரைக் கூலிக்கும் வைக்கக் கூடாது. வழக்கமான காலனியாதிக்கம் உள்ளூர்க்காரனின் உழைப்பைச் சுரண்டும், இதுவோ அவன் உழைப்பே வேண்டாம் என்றது. தஞ்சம் தேடி வந்தவர் தஞ்சம் பெற்ற அதே நாளில், தாம் அறிந்தோ அறியாமலோ, இன்னொருவரை வெளியே நிறுத்தும் சுவரில் ஒரு கல்லானார். அகதியாக வருவதும் குடியேற்றக்காரராக மாறுவதும் ஒரே ஆளுக்கு நிகழ முடியும். இதைச் சேர்த்து யோசிக்க வரவில்லை என்கிறீர்கள். வராததற்குக் காரணம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்.

1936க்கு வருகிறேன். ஏப்ரலில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீடித்தது. கடைகள் மூடின, யாஃபா துறைமுகம் முடங்கியது. நகர மேம்பாடு என்று காரணம் சொல்லி, பழைய யாஃபாவின் நெருக்கமான தெருக்களில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைப் பிரிட்டிஷார் ஜூன் மாதம் வெடிவைத்துத் தகர்த்தனர். மக்கள் அசையவில்லை. அக்டோபரில் அதை முடித்து வைத்தது ஈராக், சவூதி, டிரான்ஸ்ஜோர்டான் ஆட்சியாளர்களின் வேண்டுகோள். ஆரஞ்சு அறுவடைக் காலம் நெருங்கியதால் தோட்ட முதலாளிகளுக்கும் முடித்தாக வேண்டிய அவசரம் இருந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசின் விசாரணைக் குழுவான பீல் குழு, நாட்டை யூதருக்கும் அரேபியருக்குமாகப் பிரிக்கப் பரிந்துரைத்தபின் போராட்டம் கிராமங்களில் ஆயுதமேந்தி மீண்டும் எழுந்தது.

இன்று உலகெங்கும் ஊர்வலங்களில் தோளில் போட்டுக்கொள்ளும் கெஃபியே அன்று குடியானவரின் தலைத்துணி. நகரத்துக் கனவான்கள் சிவப்புத் தர்பூஷ் தொப்பி அணிவார்கள். கிளர்ச்சியாளர்கள் நகரங்களுக்குள் வந்தபோது அந்தத் துணியை வைத்தே சிப்பாய்கள் அவர்களைப் பிடித்தார்கள். 1938 ஆகஸ்டில் கிளர்ச்சித் தலைமை எல்லா ஆண்களும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கெஃபியே அணிய வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கறிஞரும் வணிகரும் உழவனின் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டார்கள், சிலர் மனமுவந்து, சிலர் அச்சத்தால். அதே ஆண்டு கிளர்ச்சியாளர்கள் விவசாயிகளின் கடன் வசூலையும் நிறுத்திவைத்தார்கள். அந்நியனுக்கு எதிரான போர், உள்ளூர் வட்டிக்காரனுக்கும் எதிரான போராகத் திரும்பிய கணம் அது. அதனால்தான் என் கட்டுரையில் அதைப் புரட்சி என்று எழுதினேன். அதே புரட்சி, நிலத் தரகர், காட்டிக்கொடுப்பவர் என்று சந்தேகப்பட்ட அரேபியர்களையும், போட்டிக் குடும்பங்களின் ஆட்களையும் கொன்று தன் வலிமையைத் தானே தின்றது. 1939இல் அடக்கப்பட்டபோது சுமார் 5,000 அரேபியர்கள் இறந்திருந்தார்கள். தலைவர்கள் சிறையிலோ வெளிநாட்டிலோ இருந்தார்கள். 1948இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தபோது காக்க ஆளில்லாமல் போனதற்கு இந்தத் தோல்வியும் ஒரு காரணம்.

ஆகவே 'எதிர்ப்பு' என்பது ஒற்றை ஆள் இல்லை. அதற்குள் உழவனும் இருக்கிறான், பெருநிலக்காரனும் இருக்கிறான், 1941 நவம்பரில் பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்த, ஜெருசலேமின் முஃப்தி (தலைமை இஸ்லாமிய மதகுரு) அமீன் அல் ஹுசைனியும் இருக்கிறார். 1938 அக்டோபரில் திபேரியாஸில் 19 யூதர்களைக் கொன்றவர்களும் இருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களில் 11 பேர் குழந்தைகள். குறை சொல்லக் கூடாது என்றால் இவர்களில் யாரைக் குறை சொல்லக் கூடாது? 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்றதை, அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள், என்னால் எதிர்ப்பு என்ற சொல்லால் மூட முடியாது. காசாவில் அதன்பின் பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்ததைத் தற்காப்பு என்ற சொல்லால் மூடுபவர்களை என்னால் மன்னிக்கவும் முடியாது. ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமை பாலஸ்தீனர்களுக்கு முழுமையாக உண்டு. அந்த உரிமை அவர்களுக்கு உண்டு என்று நம்புவதால்தான் அதன் பெயரால் செய்யப்படுவதைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் நண்பரிடம் மாரெக் எடெல்மனைப் பற்றிச் சொல்லுங்கள். வில்னாவில் தொடங்கிய அதே பூந்து கட்சியைச் சேர்ந்தவர். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் 1943இல் நடந்த எழுச்சியின் தளபதிகளில் ஒருவர். போருக்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போகவில்லை. போலந்திலேயே, லோட்ஸ் நகரில் இதய மருத்துவராக வாழ்ந்து 2009இல் மறைந்தார். 2002 ஆகஸ்டில், தற்கொலைக் குண்டுகள் பேருந்துகளில் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், பாலஸ்தீன ஆயுதக் குழுக்களின் தலைவர்களுக்கும் போராளிகளுக்கும் அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கெட்டோவில் தாங்கள் ஆயுதமற்ற மக்கள் மீது ஒருபோதும் துப்பாக்கியைத் திருப்பியதில்லை என்று நினைவூட்டி, தாக்குதல்களை நிறுத்திப் பேச வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் இஸ்ரேலில் பலரைக் கோபப்படுத்தியது. பாலஸ்தீனக் குழுக்களைப் பயங்கரவாதிகள் என்று அழைக்காமல், தம்மைப் போன்ற போராளிகளாக விளித்து எழுதியிருந்தார் என்பதே காரணம்.