யாழ்ப்பாணக் கோட்டையின் அழிந்த தேவாலயத்தைக் கணினியில் எழுப்ப விரும்புவோருக்கு

வாசகர் கேள்வி: யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்து, 1990இல் போரில் அழிந்துபோன ஒல்லாந்தர் தேவாலயத்தை முப்பரிமாண மாதிரியாகக் கணினியில் உருவாக்க எங்கள் பழைய மாணவர் சங்கம் விரும்புகிறது. சில குடும்பப் படங்கள் கையில் இருக்கின்றன; பிளெண்டர் மென்பொருள் பழகிய மாணவர்கள் இருவர் உதவுகிறார்கள். 1706இல் கட்டி முடித்தபோது கோட்டைப் படையினர் கண்ட தோற்றத்திலேயே அதைக் காட்ட முடியுமா? லேசர் கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

பதில்: லேசர் கருவி இப்போதைக்குத் தேவையில்லை. அது நிற்கும் கட்டடத்தைத்தான் அளக்கும். உங்கள் கட்டடம் நிற்கவில்லை. உங்களுக்கு வேண்டியவை பழைய படங்கள், பழைய வரைபடங்கள், நிலத்தில் எஞ்சியிருக்கும் இடிபாடுகள் ஆகிய மூன்றும்தான். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொறுமை இருந்தால் பெரும் பணம் இல்லாமலே இந்த வேலையைச் செய்யலாம்.

1706 குறித்த உங்கள் விருப்பத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதை ஐந்து கொத்தளங்கள் கொண்ட ஐங்கோணக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள். அதன் காவற்படைக்கும் அதிகாரிகளுக்கும் உரிய ஆலயமாகவே, நான்கு கைகளும் ஒத்த சிலுவை வடிவத் தரைப்படத்தில் இத்தேவாலயம் எழுந்தது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்குப் பிந்திய இரு நூற்றாண்டுகளில் கூரை, கதவு, சுண்ணாம்புப் பூச்சு, இருக்கைகள் எனப் பலவும் மாறியிருக்கக்கூடிய ஒரு கட்டடத்தை அதன் முதல் நாள் தோற்றத்தில் காட்ட முற்பட்டால், மாதிரியின் பெரும்பகுதி ஊகமாகிவிடும். படங்கள் மிகுதியாகக் கிடைக்கும் காலம் அழிவுக்கு முந்திய சில பத்தாண்டுகள்தான். ஆகவே அந்தக் காலத் தோற்றத்தை முதலில் உறுதியாக நிறுவுங்கள். அதிலிருந்து ஆதாரம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பின்னோக்கிச் செல்லுங்கள்.

படங்களைத் திரட்டும்போது எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம் என்பதற்கு ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் நல்ல சான்று. 2001இல் தகர்க்கப்பட்ட அவற்றுள் பெரியதைச் சூரிச்சிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணினியில் மீட்டெடுத்தபோது, இணையத்தில் கிடைத்த படங்களையும் சுற்றுலாப் பயணிகள் எடுத்தவற்றையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் 1970இல் அளவைப் பணிக்கென்றே அமைந்த கமெராவால் எடுக்கப்பட்ட சில படங்கள்தான் மிகத் துல்லியமான வடிவத்தைத் தந்தன. உங்களுக்கு அத்தகைய படங்கள் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் இருப்பவற்றையேனும் கெடுக்காமல் காப்பாற்றுங்கள். நெகட்டிவ் இருந்தால் அச்சுப் படத்தை விட்டுவிட்டு நெகட்டிவையே ஸ்கேன் செய்யுங்கள். அச்சுப் படம் மட்டும் இருந்தால் வெள்ளை விளிம்பு உட்பட முழுத் தாளையும் ஸ்கேன் செய்யுங்கள். அழகுக்காக ஓரத்தை வெட்டிவிட்டால் படத்தின் நடுப்புள்ளி எது என்பதே தெரியாமல் போய், கமெரா நின்ற இடத்தைக் கணிப்பது மிகக் கடினமாகிவிடும். பின்புறத்தில் எழுதியிருக்கும் திகதியையும் பெயரையும் சேர்த்தே பதிவுசெய்யுங்கள். திருமணத்துக்கோ சுற்றுலாவுக்கோ வந்தவர்கள் எடுத்த படத்தில் மனிதர்களுக்குப் பின்னால் ஒரு சாளரத்தின் அரைப்பகுதிதான் தெரிகிறது என்றாலும் அதை ஒதுக்காதீர்கள். சாளரத்தின் விகிதத்தைச் சொல்ல அது போதும். போரில் யாழ்ப்பாணத்து வீடுகளோடு ஆல்பங்களும் போயின; கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர்களிடம் முன்பே போய்ச் சேர்ந்த படங்களைக் கேட்டுப் பெறுங்கள். ஒற்றைப் படத்திலிருந்து கமெராவின் கோணங்களைக் கணிக்க எஃப்ஸ்பை (fSpy) என்ற இலவச மென்பொருள் உண்டு. அதற்கான இணைப்பு நிரலைச் சேர்த்துக்கொண்டால் அதன் விளைவைப் பிளெண்டரில் திறக்கலாம்.

வரைபடங்களைப் பொறுத்தவரை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் பேணப்படுகின்றன. அவற்றிலுள்ள கோட்டை வரைபடங்களைக் கையாளும்போது அளவுகோலில் மிகுந்த கவனம் தேவை. ஒல்லாந்த வரைஞர்கள் பெரிதும் கையாண்டது ரைன்லாந்துக் கோல். ஒரு கோலுக்கு 12 அடி, ஓர் அடி ஏறத்தாழ 31.4 சென்ரிமீற்றர், ஆகவே ஒரு கோல் 3.767 மீற்றர். அந்த அடியை ஆங்கில அடி என்று எண்ணிவிட்டால் பத்துக் கோல் நீளமுள்ள ஒரு சுவர் ஒரு மீற்றருக்கு மேல் குறுகிவிடும். அம்ஸ்டர்டாம் அடியோ 28.3 சென்ரிமீற்றர்தான். வரைபடத்தின் ஓரத்திலுள்ள அளவுகோல் எந்த அடியைக் குறிக்கிறது என்பதை உறுதி செய்யாமல் எந்த எண்ணையும் கணினியில் இடாதீர்கள். தேவாலயத் தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களின் எழுத்துகளை அறிய, இலங்கைக் கல்லறை வாசகங்களைத் திரட்டி ஜே. பி. லூயிஸ் 1913இல் வெளியிட்ட பட்டியல் உதவும்.

களப் பணிக்கு வருவோம். கோட்டை பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்பதால் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்துமூலம் அனுமதி பெற்ற பிறகே அளவு எடுக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமான சேவை அதிகாரசபையின் அனுமதியும் தேவை. இடிபாட்டுக் கற்களை ஒரு விரற்கடைகூட நகர்த்தக் கூடாது, ஏனெனில் ஒரு சுவர்த்துண்டு எந்தப் பக்கமாக விழுந்து கிடக்கிறது என்பதும் சான்றுதான். முதற் பயிற்சியாக, இன்னும் நிற்கும் கோட்டை வாயிலைப் பல கோணங்களில் படமெடுத்து, அப்படங்களை ஒப்பிட்டு முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் மென்பொருளால் மாதிரி செய்து, நாடாவால் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் முறையில் எவ்வளவு பிழை வருகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மேகமூட்டமான பொழுதில், சூம் மாற்றாமல், ஒவ்வொரு படமும் முந்தியதன் மேல் முக்கால் பங்கு படியுமாறு எடுங்கள். காட்சிக்குள் அளவுக் கோல் ஒன்றை வையுங்கள். கோட்டைச் சுவர்களிலுள்ள முருகைக்கல்லின் (பவளப்பாறைக் கல்) பொத்தல் நிறைந்த பரப்பை அந்த மென்பொருள் எளிதில் பிடித்துக்கொள்ளும். வெறும் சாந்துப் பூச்சில்தான் அது தடுமாறும். போருக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியுடன் நடந்த புனரமைப்பில் புதிதாகக் கட்டிய மதிற்பகுதிகளைப் பழைய அளவுக்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

மாதிரியின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் ஆதாரத்தை ஓர் அட்டவணையில் எழுதிவருவதை இந்த வேலையில் பாதி என்றே கருதுகிறேன். இன்ன சுவர் இன்ன படத்திலிருந்து, இன்ன உயரம் இன்ன வரைபடத்திலிருந்து, இன்ன உத்தரம் அக்கால ஒல்லாந்தர் கட்டடங்களை ஒப்புநோக்கிய ஊகம் என்று பிரித்துக் காட்டுங்கள். ஊகித்த பகுதிகளைத் திரையிலும் வெறும் சாம்பல் நிறத்தில் விடுங்கள். கணினிவழி மரபுக் காட்சிகளுக்கான 2009ஆம் ஆண்டு லண்டன் சாசனம் வற்புறுத்துவதும் இந்த வெளிப்படைத்தன்மையைத்தான். கோட்டையைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு தேவையும் உண்டு. 1990இல் மாதக்கணக்காக நீடித்த முற்றுகையையும் அதன் பின்னான அழிவையும் நேரில் கண்ட மக்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். பளபளக்கும் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தை மட்டும் காட்டி அந்த அழிவை மறைத்தால் அது படைத்துறை வரலாறாகாது. இன்றைய இடிபாட்டையும் அதே ஆயத்தளத்தில், அதாவது அதே இட அளவுகளோடு பொருந்துமாறு, ஒரு தனி அடுக்காகச் சேர்த்து, பார்ப்பவர் இரண்டையும் மாற்றிமாற்றிக் காணச் செய்யுங்கள். கண்டவர்களின் நினைவுகளையும் ஒலிப்பதிவாக இணையுங்கள், ஆனால் நினைவிலிருந்து மட்டும் ஒரு சுவரையும் எழுப்பாதீர்கள்.

பிளெண்டர் கோப்பை மட்டும் வைத்திருந்தால் போதாது. மூலப் படங்கள், ஸ்கேன்கள், அளவுக் குறிப்புகள், ஆதார அட்டவணை ஆகியவற்றுடன் வேறு மென்பொருள்களாலும் படிக்கக்கூடிய திறந்த கோப்பு வடிவத்தில் ஏற்றுமதி செய்த மாதிரியையும் சேர்த்து, இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிப் பேணிவரும் நூலக நிறுவனத்திடமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திடமும் ஒப்படைப்பது பற்றிப் பணி தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். படம் தந்த குடும்பங்களிடம் பயன்பாட்டு அனுமதியை எழுதி வாங்கும்போது, பிற்காலத்தில் வேறொரு குழு திருத்தி எடுத்துச் செல்லவும் அவர்கள் இசைவதாக அதில் ஒரு வரி இருக்கட்டும்.